ஆமென் சொல்லும்வரை

நான் ஜெபம் பண்ண ஆரம்பித்தால், எங்கள் சபையில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவர் பின்வாசல் வழியாக நழுவி, முக்குக்கடையில் டீ குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி தலை குனியும்போது நான் இன்னும் டெல்லியைத் தாண்டியிருக்க மாட்டேன். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணைத்தான் மூடியிருக்கிறேன், காதை இல்லை.

என் ஜெபத்துக்கு ஒரு வழித்தடம் உண்டு. உலகத் தலைவர்களில் கிளம்பி, டெல்லி, சென்னை, மழை, கடலுக்குப் போனவர்கள், ரோட்டில் போகிறவர்கள், ஊழியக்காரர்கள், விதவைகள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் கேட்க வந்த விஷயத்துக்கு வருவேன். நடுவில் ஏறு என்றால் எனக்கு ஏற வராது. ஒருமுறை தலைவலி என்று வந்த ஒருவர், நான் பரீட்சைப் பிள்ளைகளுக்கு வருவதற்குள் வலி போய்விட்டது என்று சாட்சி சொன்னார். அதை நான் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

வேலையில் நான் நேர் எதிர். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் டெஸ்க் என்னுடையது. எந்த வண்டி எந்த வாசலில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று சொல்வதும், நிற்காவிட்டால் திட்டுவதும்தான் உத்தியோகம். இரண்டு நிமிஷம் பிந்தி வந்த டிரைவரிடம், அந்த இரண்டு நிமிஷத்தை எங்கே வைத்துவிட்டு வந்தாய் என்று கேட்பேன். ரயில்வே கேட், தண்ணி லாரி, கல்யாண ஊர்வலம் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிரைவர்கள் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுதப்போவதில்லை.

நெம்மேலிக்குக் கொஞ்சம் தெற்கே, ரோட்டுக்கு மேற்குப் பக்கம், நான்கு வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற வரிசையில் எங்களுடையது இரண்டாவது. மூன்றாவது வீட்டுப் பெண் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். புருஷன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஆந்திராவில் இருப்பார். அவர்கள் முருகன் கும்பிடுகிறவர்கள். கிருத்திகைக்கு அவள் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பாள், கிறிஸ்துமஸுக்கு நான் பிரியாணி கொடுப்பேன். கொடுக்கல் வாங்கலில் எனக்குக் கொஞ்சம் லாபம்தான், பொங்கலில் முந்திரி நிறைய போடுவாள்.

அவளுடைய அப்பா திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே ஒரு ஊரிலிருந்து, பத்து நாள் தங்கலாம் என்று ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்திருந்தார். சும்மா உட்காரவே தெரியாத மனுஷன். இரண்டாவது நாள் காலையில் நான் வாசலுக்கு வந்தால், என் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருக்கிறார். நான்காவது நாள் என் முருங்கை மரத்தில் ஒரு கிளை கீழே கிடந்தது. யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று சண்டைக்குப் போனேன். அவர் அரிவாளைத் துடைத்துக்கொண்டே, "காஞ்சி போயி கீதும்மா. உன் தலையில உழுந்தா அப்பறம் யாரு ஜெபம் பண்றது?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கட்டில். விடியற்காலை ஐந்து மணிக்கு நான் பண்ணுகிற அரை மணி நேர ஜெபம் முழுக்க அவருக்குக் கேட்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், மனுஷன் குறை சொல்கிறார், ஆனால் வேறு குறை. நேற்று பரீட்சைப் பசங்களுக்குப் பண்ணினாயே, இன்றைக்கு ஏன் விட்டுவிட்டாய், லீவா என்று கேட்டார். அன்றிலிருந்து நான் ஒருவரையும் விடாமல் ஜெபித்தேன். இருபது வருஷமாக சபைக்கு வருகிறவர்கள் கூட என் ஜெபத்தை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அந்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி என் கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டே உள்ளே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, அப்பாவுக்கு இன்னான்னு தெரில. வேர்த்துக் கொட்டுது. மார அடைக்குதுன்றாரு," என்றாள். நான் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, இடது கையை வலது கையால் பிடித்திருந்தார். அந்த நிலைமையிலும் எல்லாம் வாயு, ராத்திரி சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு, ஒரு சோடா வாங்கி வந்தால் சரியாகிவிடும் என்று எங்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் 108-க்கு போன் போட்டேன். அடையாளம் சொன்னேன். டிரான்ஸ்போர்ட் டெஸ்க் ஆளாச்சே, எந்த வளைவில் திரும்ப வேண்டும், எந்த போஸ்ட் கம்பம், எந்தப் பக்கம் ரிவர்ஸ் எடுக்க முடியும் வரைக்கும் சொன்னேன். அந்தப் பக்கம் பேசிய பெண், புரிந்துவிட்டது மேடம், போனை வையுங்கள் என்று கெஞ்சினாள்.

வண்டி வருகிறது என்றதும் இவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பனியனோடு எப்படிப் போவது, சட்டை போட வேண்டுமாம். முகம் முள்ளாக இருக்கிறது, சவரம் செய்ய வேண்டுமாம். பின்பக்கம் தண்ணித் தொட்டியில் மோட்டார் ஓடுகிறது, அதை நிறுத்த வேண்டுமாம். மகள் ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் எழுகிறார். கடைசியில் நான் ஆபீஸ் குரலை எடுத்து ஒரு அதட்டல் போட்டேன். படுத்தார். சிறுசேரியில் பெரிய பெரிய டிரைவர்களே அந்தக் குரலுக்குப் படுத்துவிடுவார்கள்.

அப்போதுதான் அவள் கேட்டாள். "ஜெபம் பண்ணுக்கா."

அவள் இதற்குமுன் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. அவளுக்கு அம்மா கிடையாது, சின்ன வயதிலேயே போய்விட்டார். இவர் ஒருவர்தான். எங்கள் சபையில் ஆபத்துக்கு ஜெபிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் கை கோர்த்துக்கொள்ள வேண்டும், கண்ணை மூட வேண்டும், ஆமென் சொல்லும்வரை கையையும் விடக்கூடாது, கண்ணையும் திறக்கக்கூடாது. பல்லி விழுந்தாலும் கூடாது. இதை அவர்கள் இரண்டு பேருக்கும் எடுத்துச் சொன்னேன். அவள் ஒரு கையால் என் கையைப் பிடித்தாள், இன்னொரு கையை அப்பாவுக்குக் கொடுத்தாள். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

நான் ஆரம்பித்தேன். எங்கிருந்து ஆரம்பித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உலகத் தலைவர்களிலிருந்துதான்.

நடுவில் ஏற எனக்கு வராது என்று சொன்னேனே. சத்தியமாக முயற்சி செய்தேன். வாய் தன் பாட்டுக்கு டெல்லிக்குப் போய்விட்டது. மழைக்கு வந்தபோது வெளியே ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. வாசலில் செருப்புச் சத்தம், உள்ளே ஆட்கள் வருகிற அரவம். வரிசை வீட்டு ஜனங்கள் ஜெபத்துக்குக் கூடிவிட்டார்கள் என்று நினைத்தேன். கூட்டம் சேர்ந்தால் எனக்குக் குரல் ஏறும். ஏறியது. கடலுக்குப் போனவர்களை இரண்டு முறை ஆசீர்வதித்தேன். பக்கத்தில் யாரோ ஒரு பெண், "சீக்கிரம்மா," என்றாள். எங்கள் சபையில் ஜெபத்தின் நடுவில் ஜனங்கள் உருகி இப்படி ஏதாவது சொல்வது உண்டு. நானும் உருகி, "ஆமா ஆண்டவரே, சீக்கிரமாய் இறங்கி வாரும்," என்று சேர்த்துக்கொண்டேன். அவள் மறுபடி சொன்னாள். நானும் மறுபடி உருகினேன்.

விதவைகளுக்கு வந்தேன். அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் பலமாக, "ஆமென்," என்றது.

கண்ணைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி வந்து நிக்குதும்மா. மிச்சத்த வண்டில பண்ணிக்கலாம்," என்றார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் பெண் மண்டி போட்டிருந்தாள். அவர் கையில் பிரஷர் பட்டை கட்டியாகிவிட்டது, மார்பில் ஒயர் ஒட்டியாகிவிட்டது, நாக்குக்கு அடியில் மாத்திரை கூடக் கொடுத்தாகிவிட்டது. எல்லாம் என் ஜெபத்துக்கு அடியில் நடந்திருக்கிறது. வாசலில் ஸ்ட்ரெச்சரோடு டிரைவர். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, கண்ணை இறுக மூடி, தலை குனிந்து நின்றிருந்தார். அவரும் சபைக்குப் போகிறவர் என்பது அப்புறம் தெரிந்தது. ஆமென் வராமல் அவரால் எப்படி அசைய முடியும்? அந்தப் பெண் ஒருத்தியால் ஸ்ட்ரெச்சரைத் தூக்க முடியாது.

நான் மணி பார்த்தேன். பழக்கம். பெண் எழுந்து நின்று, தன் வேலை முடிந்து மூன்று நிமிஷம் ஆகிறது என்று டிரைவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, நல்ல ஜெபம் சிஸ்டர் என்றார்.

மூன்று நிமிஷம். இரண்டு நிமிஷத்துக்கு நான் ஆட்களை அழ வைத்திருக்கிறேன்.

வண்டியில் அவளோடு நானும் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு. சைரன் போட்டுக்கொண்டு டிரைவர் நன்றாகத்தான் ஓட்டினார். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து இவர் அவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் திரும்பினால் இரண்டு பள்ளம் மிச்சமாம். பேசக்கூடாது என்று அந்தப் பெண் சொன்னாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மாஸ்க்கைத் தூக்கி, என்னிடம், பரீட்சைப் பசங்க பாக்கி கீறாங்களே என்று ஞாபகப்படுத்தினார். மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. வாயைத் திறந்தால் மூன்று நிமிஷம் என்றுதான் வருகிறது. அவருடைய நெற்றியில் வேர்வை திரும்பத் திரும்பப் பூத்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பேச்சு நின்றுபோனது, கண் சொருகியது. அந்தப் பெண் அவர் கன்னத்தைத் தட்டினாள். நான் வண்டியின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த மனுஷன் செத்தால் நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள், கதவு மூடியது. நாங்கள் வெளியே பெஞ்சில். சபை வாட்ஸ்அப் குரூப்பில் நான் ஒரு வரி போட்டிருந்தேன், அதற்குள் அறுபது கும்பிடும் கைகள் வந்து குவிந்திருந்தன. ஒருவர் மட்டும் தவறி பிறந்தநாள் கேக் போட்டு அழித்திருந்தார். ஒரு மணி நேரத்தில் பாஸ்டர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார், ஒரு கையில் பைபிளும் ஜெப எண்ணெய்க் குப்பியும், ஒரு கையில் பிளாஸ்க். அதே நேரத்தில் ஊரிலிருந்து அவளுடைய சித்தப்பா விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், உள்ளே போகப் பார்த்தார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டி எண்ணெயும் கிடையாது, விபூதியும் கிடையாது, இரண்டு பேரும் உட்காருங்கள் என்று ஒரே பெஞ்சைக் காட்டினார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். பாஸ்டர் பிளாஸ்க் மூடியில் சித்தப்பாவுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார், இருவரும் போர்வெல் எத்தனை அடியில் உப்பாகிறது என்று தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பாஸ்டர் எழுந்து வந்து, சிஸ்டர், நீங்களே ஜெபத்தை நடத்துங்கள் என்றார். என்னால் முடியாது ஐயா என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். இருபது வருஷத்தில் நான் ஒரு ஜெபத்தை மறுத்து அவர் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையா, நர்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

நான் பக்கத்து வீட்டுக்காரியைத் தனியாகத் தண்ணிக் குழாய்ப் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். மென்று விழுங்காமல் சொன்னேன். வண்டி வந்து நின்ற பிறகும் நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன், மூன்று நிமிஷம் என்னால் போச்சு, உங்க அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான், என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு என்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்க்கா. நான் கண்ண தொறந்துகினுதான் இருந்தேன். வண்டி வந்தது பாத்தேன். அந்தப் பொண்ணு உள்ள வந்தது பாத்தேன்."

பிறகு ஏன் என்னை நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"எங்கப்பா என் கைய புடிச்சிகினு இருந்தாருக்கா. எனக்கு வெவரம் தெரிஞ்சி அவுரு என் கைய புடிச்சதே கெடையாது. கடல மூட்டை கொண்டாருவாரு, குழாய ரிப்பேர் பண்ணுவாரு, அவ்ளோதான். நீ ஆமென் சொன்னா கைய உடணும்ன்னு சொன்ன இல்ல. உட்டா தூக்கினு போயிடுவாங்க. அதான் சும்மா இருந்துட்டேன்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "உன்னுது மூணு நிமிசம்ன்னா என்னுதும் மூணு நிமிசம்தான். போயிட்டார்னா ரெண்டு பேரும் சேந்து அழுவோம், வா."

அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பி பெஞ்சுக்கு நடத்திக்கொண்டு வந்தாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்ல வந்தது என்றே எனக்குப் புரியவில்லை.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். ஊசி போட்டிருக்கிறோம், அடைப்பு விட்டிருக்கிறது, இரண்டு நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவரை விடவில்லை. மூன்று நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் களைத்துப்போய் என்னைப் பார்த்தார். விடியற்காலை ஐந்து மணிக்கே பெரியவருக்கு வலி வந்துவிட்டதாம். ஏழு மணி வரைக்கும் யாரிடமும் சொல்லாமல் படுத்திருந்தாராம். கேட்டதற்கு, பக்கத்து வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது, முடியட்டும் என்று இருந்தேன், அப்புறம் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது என்றாராம். மகளைத்தான் அப்படிச் சொல்வார்.

ஆக மூன்று நிமிஷத்தோடு இன்னும் அரை மணி நேரத்தை என் தலையில் ஏற்றிவிட்டு டாக்டர் போய்விட்டார். பாஸ்டரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, சிஸ்டர், பரீட்சைப் பிள்ளைகளை வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாமே என்றார்.

சாயங்காலம் ஒவ்வொருவராக ஐந்து நிமிஷம் பார்க்கலாம் என்றார்கள். அவள் உள்ளே போனாள். நான் பாஸ்டரின் பைபிளை வாங்கி வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சவரம் செய்யாத முகம், யாரோ கொடுத்த பச்சைச் சட்டை. அவள் கட்டில் பக்கத்தில் இரண்டு கையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு நின்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல் மோட்டாரை நிறுத்தச் சொல்லி எதிர்வீட்டுக்கு போன் பண்ணிவிட்டேன் என்றாள். அவர் தலையசைத்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே, ஊசி குத்தாத கையை போர்வைக்கு வெளியே எடுத்து, உள்ளங்கையை விரித்து வைத்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷமும் ஆனது. நர்ஸ் வந்து, நேரம் முடிந்துவிட்டது, வெளியே வா என்றாள். அவள் கையை எடுக்கப் போனாள். அவர் விடவில்லை.

"ஜெபம் நடந்துகினு கீதும்மா," என்றார் நர்ஸிடம், கண்ணை மூடியபடியே. "இன்னும் ஆமென் சொல்லல."

யாரும் வாயைத் திறக்காமல் என்ன ஜெபம் என்று நர்ஸ் சுற்றிப் பார்த்தாள். கதவருகில் என் கையில் பைபிளைப் பார்த்துவிட்டு, கேட்பது மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன்.